ஓடும் இண்டிகேட்டரும் ஓடக்கூடாத பிரேக் லைட்டும்

முன்னால் போகும் கார் இடது பக்கம் திரும்பப் போகிறது. அதன் பின்விளக்கில் உள்பக்கத்து பல்பு முதலில் எரிகிறது. அடுத்து நடு பல்பு, அதற்கடுத்து ஓரத்து பல்பு. மூன்றும் ஒரு கணம் சேர்ந்து நின்றுவிட்டு மொத்தமாக அணைகின்றன. பிறகு மறுபடி உள்ளேயிருந்து வெளியே. எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று யோசிக்க வேண்டியதில்லை. வெளிச்சமே அந்தப் பக்கம் நகர்ந்து காட்டிவிடுகிறது.

எல்இடி வந்தபின் இது பல புதிய கார்களில் இருக்கிறது. ஆனால் யோசனை பழையது. 1965 ஃபோர்டு தண்டர்பேர்டில் சாதாரண இழை பல்புகளை வைத்தே இதைச் செய்துவிட்டார்கள். டிக்கிக்குள் ஒரு சின்ன மோட்டார், அது சுழற்றும் மேடு வைத்த உருளை, பக்கத்தில் சுவிட்சுகள். உருளை சுற்றச் சுற்ற மேடுகள் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்தும், பல்புகள் வரிசையாக எரியும். 1967 மெர்குரி கூகரிலும் மோட்டார்தான். 1969 கூகரில் அந்த வேலையை டிரான்சிஸ்டர்கள் எடுத்துக்கொண்டன. மோட்டாரில் கிரீஸ் காய்ந்து போகும், சுவிட்ச் முனைகள் கருகும். அசையும் உறுப்பே இல்லாமல் இதைச் செய்ய இன்று நமக்கு ஒரு மலிவான ஐசியும் (சின்ன மின்னணுச் சில்லு) மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டரும் போதும்.

நான் முதலில் செய்தது தப்பான வழி. 555 ஐசியைத் துடிப்பு கொடுக்க வைத்து, அதை 4017 என்ற எண்ணும் ஐசியோடு இணைத்தேன். வெளிச்சம் ஓடியது, ஆனால் ஒற்றைப் புள்ளியாக ஓடியது. 4017-இல் ஒரு நேரத்தில் ஒரு வெளியீடு மட்டுமே உயரும், அடுத்தது எரியும்போது முந்தையது அணைந்துவிடும். இண்டிகேட்டருக்கு அது ஆகாது. எரிந்த பல்பு எரிந்தபடியே இருக்க, அடுத்தது அதோடு சேர வேண்டும். இன்னொரு தொல்லை, 555 தன் போக்கில் துடிக்கும். இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் காரின் பிளாஷர் தன் போக்கில் துடிக்கும். இரண்டும் ஒத்துப்போகாது.

சரி, துடிப்பே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். பிளாஷரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் வந்ததும் உள்பக்கத்து பல்பு நேராக எரியட்டும். அதே வயரிலிருந்து 18 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை நிரப்புகிறோம். அதன் வோல்டேஜ் மெதுவாக ஏறும். எல்எம்339 என்ற ஐசிக்குள், இரண்டு வோல்டேஜ்களில் எது பெரியது என்று பார்த்து அதற்கேற்பப் புரளும் ஒப்பீட்டுச் சுற்றுகள் நான்கு இருக்கின்றன, நமக்கு இரண்டு போதும். வயரின் வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கைக் கெபாசிட்டர் தாண்டும்போது ஒன்று புரளும், நடு பல்பு எரியும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும்போது மற்றது புரளும், ஓரத்து பல்பு எரியும். இந்த இரண்டு அளவுகளையும் வெட்டித் தருவது ஒரே மதிப்புள்ள மூன்று ரெசிஸ்டர்கள்.

கணக்கு இப்படி வருகிறது. 18 கிலோஓமையும் 10 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 180 மில்லிவிநாடி. மூன்றில் ஒரு பங்கு ஏற அதில் 0.405 மடங்கு, அதாவது 73 மில்லிவிநாடி ஆகும். மூன்றில் இரண்டு பங்குக்கு 1.1 மடங்கு, அதாவது 198 மில்லிவிநாடி. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அளவுகள் எல்லாம் பங்குகளாகவே இருப்பது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட்டுக்கும் மேல். வோல்டேஜ் எவ்வளவு மாறினாலும் இந்த நேரங்கள் மாறாது.

நடு பல்பு சீக்கிரம் வந்துவிட்டு ஓரத்து பல்பு தாமதிப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிரம்ப நிரம்பக் கெபாசிட்டர் மெதுவாகத்தான் ஏறும், அதனால் அப்படி. இழை பல்பில் இது கண்ணுக்கு உறுத்தாது, ஏனென்றால் இழை சூடேறி முழு வெளிச்சம் தரவே நேரம் எடுக்கிறது. எல்இடி சட்டென்று எரிவதால் அங்கே இடைவெளி சமமாக இருந்தால்தான் அழகு. அதற்கு மூன்று ரெசிஸ்டர்களைக் கீழிருந்து, அதாவது எர்த் பக்கத்திலிருந்து, 3:2:4 என்ற விகிதத்தில் வைத்து, 18 கிலோஓமை 24 ஆக மாற்றுங்கள். 97, 195 மில்லிவிநாடி என்று கச்சிதமாக வரும்.

200 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்பது என் விருப்பம் மட்டும் அல்ல. ஐநா வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் வரிசை இண்டிகேட்டருக்கு அதுதான் வரம்பு. வெளிச்சம் உள்ளிருந்து வெளியே போக வேண்டும், எரிந்தது கடைசிவரை எரிய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். 90 முறை என்றால் ஒரு முறைக்கு 667 மில்லிவிநாடி, அதில் பாதி எரியும் நேரம். 200 ஓட்டத்துக்குப் போனாலும் மூன்றும் சேர்ந்து நிற்க 130 மில்லிவிநாடிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஓட்டத்தை இன்னும் நீட்டினால் ஓரத்து பல்பு எரிந்ததும் அணைந்துவிடும். பாகங்களை வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு மின்னலுக்கும் கெபாசிட்டர் காலியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை வரிசை பாதியிலிருந்து தொடங்கும். 18 கிலோஓமுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று போட்டால் வேலை முடிந்தது. பிளாஷர் அணைந்ததும் மின்னேற்றம் டையோடு வழியாகத் திரும்பி, உள்பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து எர்த்துக்குப் போய்விடும். அந்த பல்புக்குப் பதில் எல்இடி போட்டால் இந்த வழி அடைபடும். அப்போது வயருக்கும் எர்த்துக்கும் இடையில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வைக்க வேண்டும்.

நடு பல்பையும் ஓரத்து பல்பையும் எரிய வைக்கும் சுவிட்ச், பி-சேனல் மாஸ்பெட் என்ற டிரான்சிஸ்டர் வகை. கார் பல்பின் ஒரு முனை ஹோல்டர் வழியாகப் பாடியில் எர்த் ஆகியிருக்கும், அதனால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம்தான் வெட்டி ஒட்ட முடியும். பிரகாசமான இழை சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஆனால் குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எரியும் முதல் கணத்தில் 20 ஆம்பியர் பாயும். 2 ஆம்பியர்தானே என்று சின்ன டிரான்சிஸ்டர் போட்டால் அது நீடிக்காது. 0.02 ஓம் மின்தடை உள்ள மாஸ்பெட் போட்டால் எரியும்போது 0.1 வாட்டுக்கும் குறைவாகவே சூடாகும், ஹீட் சிங்க் வேண்டாம். இந்த மாஸ்பெட்டுகளுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர், தனி பியூஸ் கொடுங்கள். ஸ்டியரிங் தண்டிலுள்ள பழைய சுவிட்ச் முனைகளுக்கு அதிக பாரம் ஏற்ற வேண்டாம்.

இதுவரை சொன்னது எளிய பாதி. இண்டிகேட்டருக்குத் தனி ஆரஞ்சு விளக்கு உள்ள கார் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்பு, ஒரே இழை, ஒரே வயர். நம் சுற்றுக்கு வந்திருப்பது எது என்று தெரியாது. பிரேக் மிதித்தாலும் விளக்குகள் உள்ளிருந்து வெளியே ஓடும், முழு வெளிச்சம் வர 0.2 விநாடி தாமதமாகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவார். இதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.

பிரேக் சுவிட்சிலிருந்து டிக்கிக்கு ஒரு வயர் இழுத்து, அதில் மின்சாரம் இருக்கும்வரை கெபாசிட்டரை நிரப்பியே வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். பிரேக் லைட் சரியாகிவிடும். ஆனால் பிரேக்கில் கால் வைத்தபடி இடது இண்டிகேட்டர் போட்டால் ஓட்டம் போய்விடும். திரும்புகிறவர் பிரேக் பிடித்தபடிதானே திரும்புவார்?

விடை, பிரேக் வயரில் மின்சாரம் இருப்பதைப் பார்க்காமல், அது வரும் கணத்தை மட்டும் பார்ப்பது. பிரேக் வயரைச் சின்னக் கெபாசிட்டர் வழியாகச் சுற்றுக்குள் கொண்டு வந்தால், மிதித்த கணத்தில் ஒரு குட்டித் துடிப்பு மட்டும் உள்ளே போகும். அந்தத் துடிப்பு ஒரு டிரான்சிஸ்டரை முடுக்கி, இரு பக்கக் கெபாசிட்டர்களையும் சட்டென்று நிரப்பிவிடும். ஆறு பல்புகளும் ஒன்றாக எரியும். பிறகு இடது இண்டிகேட்டர் போட்டால் இடது வயர் விட்டுவிட்டு வரும், ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துக் கெபாசிட்டர் காலியாகி முதலிலிருந்து ஏறும், வரிசை ஓடும். வலது வயர் விடாமல் வருவதால் அந்தப் பக்கம் நிறைந்தே இருக்கும், அசையாமல் எரியும். இண்டிகேட்டரை அணைக்கும் கணத்தில் இடது பக்க பிரேக் லைட் ஒரே ஒரு முறை வரிசையாக வரும். வலது பக்கம் அப்போதும் முழுதாக எரிந்துகொண்டிருப்பதால் அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிளாஷரையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய வகையில் பல்புக்குப் போகும் மின்சாரமே ஒரு ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைத்து இணைப்பைத் துண்டிக்கும். பல்புகளைத் தனி வயருக்கு மாற்றிவிட்டோம், மின்சாரம் குறைந்துவிட்டது, பட்டை மெதுவாகச் சூடாகும் அல்லது வளையவே வளையாது. பாரத்தைச் சாராத மின்னணு பிளாஷர் அதே இடத்தில் பொருந்தும்.

உள்பக்கத்து பல்பை மட்டும் எதன் வழியாகவும் விடாமல் பழைய வயரிலேயே நேராக விட்டது காரணத்தோடுதான். காரில் மாட்டியபின் இருட்டும் நேரத்தில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பின்னால் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். முதலில் பிரேக் மட்டும், அடுத்து இடது, வலது, பிரேக்கோடு இரண்டும். கடைசியாக நாம் சேர்த்த பியூஸைக் கழற்றிவிட்டு இதையெல்லாம் மறுபடி செய்யச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு பல்பு அப்போதும் மின்ன வேண்டும், பிரேக் மிதித்தால் எரிய வேண்டும்.