பொக்கிஷம் என்பதற்குத் தமிழ் எது?

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவருகிறேன். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை வாசித்த ஒரு நாள், "உங்கள் வீட்டுப் பொக்கிஷம் எது?" என்று கேட்டு எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அம்மாவின் அடகுச் சீட்டு" என்று எழுதியிருந்தாள். விசாரித்தபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா தம் இரண்டு வளையல்களையும் அடகு வைத்திருப்பதாகவும், அந்தச் சீட்டை நான்காக மடித்து விவிலியத்துக்குள் வைத்திருப்பதாகவும், இரவுச் செபத்துக்கு விவிலியத்தைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கேயே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். நான் யோசிக்காமல் பயன்படுத்திய ஒரு சொல்லை அந்தப் பதில் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பொக்கிஷம் தமிழ்ச் சொல்லன்று என்பதை அதிலுள்ள கிரந்த எழுத்தே காட்டிவிடும். பொக்கசம் என்ற வடிவமும் தமிழில் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கங்களில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்குவதால், எங்கள் பகுதியினருக்கு இதன் உறவுச் சொற்கள் காதுக்குப் பழகியவையே. முதலெழுத்தை அழுத்தி ஒலித்துக் கன்னடத்தில் 'பொக்கச' என்றும் தெலுங்கில் 'பொக்கசமு' என்றும் சொல்வார்கள். அரசின் பணம் இருக்கும் இடத்தையே கன்னடத்தார் இன்றும் அச்சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் அது இடத்தைவிட்டு நகர்ந்து, இடத்தில் உள்ள பொருளுக்கும், பிறகு அருமையான எதற்கும் பெயராகிவிட்டது.

நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள 'தெசௌரோஸ்' என்னும் சொல், சேமிக்கும் இடம், சேமித்த பொருள் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிப்பது. பழைய மொழிபெயர்ப்பு அதைப் பெரும்பாலும் பொக்கிஷம் என்றே சொல்லிச் சென்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ இடத்துக்கு இடம் வேறு சொல்லைத் தேர்ந்தது. குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் திறந்தவை 'பேழைகள்'. நிலத்தில் மறைந்திருந்தது 'புதையல்'. நல்லவர் நல்லவற்றை எடுத்துக் கொடுப்பது உள்ளமாகிய நல்ல 'கருவூலத்திலிருந்து'. பூச்சியும் துருவும் அழிப்பது 'செல்வம்'. நான்கும் நல்ல தமிழ், நான்கும் அந்தந்த இடத்துக்குப் பொருத்தம். ஆனால் மூலத்தில் இவை யாவும் ஒரே சொல் என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகிறது என்பதே என் ஒரே குறை.

இவற்றுள் கருவூலம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு மாவட்டக் கருவூலம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே வந்து சேர்ந்ததைத்தான் அங்கிருந்து எடுத்துக் கொடுக்க முடியும். உள்ளத்தைப் பற்றி இயேசு சொன்னதும் அதுவே.

ஆயினும் "உங்கள் செல்வம் எங்கு உள்ளதோ அங்கே உங்கள் உள்ளமும் இருக்கும்" என்ற வரியைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, நான் நாடுவது 'வைப்பு' என்னும் சொல்லை. வைத்தல், வைக்கும் இடம், வைத்த பொருள் ஆகிய மூன்றையும் அது தாங்கும். வைப்புநிதி என்று வங்கியில் இன்றும் வழங்குகிறோம். வள்ளுவர் இச்சொல்லை எவ்வளவு கூர்மையாக ஆண்டிருக்கிறார் என்பதை ஈகை அதிகாரத்தில் காணலாம்: "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி." இல்லாதவரின் பசியைத் தீர்ப்பதுதான் பொருள் பெற்ற ஒருவன் அதைச் சேமித்து வைக்கும் இடம் என்கிறார். 258இல் உரோமையில் மறைச்சாட்சியாக இறந்த திருத்தொண்டர் புனித லாரன்சு, திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி ஆணையிட்டபோது ஏழைகளை அழைத்து வந்து நிறுத்தினார் என்பது மரபு. அந்தக் குறளை அவர் அறிந்திருக்க முடியாது. ஆனால் அவருடைய வைப்புழியும் அதுவாகவே இருந்தது. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

திருச்சபை தன் நம்பிக்கையைக் குறிக்க ஆளும் 'தெபோசித்தும்' என்னும் இலத்தீன் சொல்லும் 'வைத்தல்' என்ற வினையிலிருந்து பிறந்ததே. 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி நூலை வெளியிட்ட ஆவணத்தின் தலைப்புக்கு 'நம்பிக்கையின் வைப்பு' என்றே பொருள் கொள்ளலாம். விசுவாசப் பொக்கிஷம் என்று வழங்கும்போது, அது பூட்டி வைத்த நகைபோலத் தோன்றுகிறது. வைப்பு என்னும்போது, ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்தது என்ற நினைவு வருகிறது.

உள்ளம், இருதயம் என்ற இணையையும் இங்கே குறிப்பிட வேண்டும். விவிலியத்தில் உள்ளம் என்று வாசித்தாலும் பக்தியில் இருதயம் மாறவில்லை; 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் பேராலயமே திரு இருதய ஆண்டவருடையதுதான். அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாட்டிமார் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் செபத்தில் சொல்லிச் சொல்லி அதைத் தமிழாக்கிவிட்டார்கள்.

வைப்பு என்னும் சொல்லை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ஆசை வைக்கிறோம், பாசம் வைக்கிறோம், நம்பிக்கை வைக்கிறோம், ஒரு வேலையில் மனம் வைக்கிறோம். பற்று எதுவானாலும் தமிழில் அது எங்கேயோ வைக்கப்பட வேண்டும். ஆகவே ஒப்புரவு அருளடையாளத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முன் செய்யும் ஆன்ம சோதனையில், செய்த பாவங்களை எண்ணுவதோடு, இந்த மாதம் எதன்மேல் மனம் வைத்தேன், எதை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்றும் கேட்டுக்கொள்ளும்படி பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "உங்கள் வீட்டில் எதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அதே சிறுமி, சீட்டைப் பற்றி எதுவும் எழுதாமல், "அம்மா வளையலை அண்ணன்மேல் வைத்திருக்கிறார்" என்று எழுதித் தந்தாள்.