காய்கறி விலை விழுந்தா வித்தியாசத்த அரசு தருமா? ஹரியானாவோட பாவாந்தர் திட்டம் எப்படி வேலை செய்யுது

தக்காளிய ரோட்டுல கொட்டுற ஃபோட்டோ வரும்போதெல்லாம் "நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதார விலை இருக்கே, காய்கறிக்கு ஏன் இல்ல"ன்னு ஒரு கேள்வி வரும். முழுசா ஆதார விலைன்னு சொல்ல முடியாது, ஆனா அதுக்குக் கிட்டத்துல வர்ற ஒண்ணு ஹரியானால இருக்கு. பாவாந்தர் பர்பாயீ யோஜனான்னு பேரு, 2017 டிசம்பர் கடைசில அறிவிச்சு 2018லேர்ந்து நடக்குது. அரசு காய்கறிய வாங்காது, குடோன்ல அடுக்காது, மண்டி விலை ஒரு அளவுக்குக் கீழ போனா அந்த வித்தியாசத்த மட்டும் விவசாயி பேங்க் கணக்குல போடும், அவ்வளவுதான் விஷயம். ஆனா இதுல காசு வாங்குறவனுக்கும் வாங்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் விலை விழுற ஜனவரில தீர்மானம் ஆகுறது இல்ல, செப்டம்பர் அக்டோபர்ல நடவு பண்ற சமயத்துலயே தீர்மானம் ஆயிடுது, அதனாலதான் இத நடவோட சேர்த்தே எழுதுறேன்.

முதல்ல அந்த ஊர் சீசன் கொஞ்சம் புரியணும். நமக்கு ஐப்பசி கார்த்திகைன்னா மழை, அங்க செப்டம்பர் கடைசியோட மழை முடிஞ்சிடும், அதுக்கப்புறம் ராத்திரி குளிர ஆரம்பிக்கும், டிசம்பர் ஜனவரில உறைபனி விழும். நெல்லு அறுத்த கையோட உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, கேரட், முள்ளங்கி, பூண்டுன்னு எல்லாம் இந்த ஒன்றரை ரெண்டு மாசத்துக்குள்ள நிலத்துல இறங்கணும். பிரச்சனையே அங்கதான், எல்லாரும் ஒரே சமயத்துல நட்டா எல்லாருக்கும் ஒரே சமயத்துல விளையும். ஹரியானா விவசாயிக்குப் போட்டி பக்கத்து வயக்காரன் மட்டும் இல்ல, அந்தப் பக்கம் பஞ்சாப் ஜலந்தர் பகுதி, இந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்துல ஆக்ரா, ஃபரூக்காபாத்னு உருளைக்கிழங்கு கடலே இருக்கு. டிசம்பர் கடைசில இருந்து எல்லா லோடும் மண்டிக்கு வந்தா விலை எங்க நிக்கும்?

திட்டம் ஆரம்பிச்சப்ப நாலே நாலு பயிருதான்: உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, காலிஃபிளவர். குவிண்டாலுக்கு உருளைக்கும் தக்காளிக்கும் 400 ரூபா, வெங்காயத்துக்கும் காலிஃபிளவருக்கும் 500 ரூபான்னு ஒரு பாதுகாப்பு விலை வச்சாங்க. ஏக்கருக்கு இவ்வளவுதான் விளையும்னு ஒரு கணக்கும் வச்சாங்க, உருளை 120 குவிண்டால், தக்காளி 140, மத்த ரெண்டும் 100. ரெண்டையும் பெருக்கிப் பாத்தா ஏக்கருக்கு 48,000லேர்ந்து 56,000 ரூபா வரும், அப்ப விளம்பரத்துல சொன்ன நம்பர் அதுதான். அப்புறம் விலைய ஏத்தி உருளை 600, காலிஃபிளவர் 750, வெங்காயம் 650, தக்காளி 500ன்னு ஆக்கினாங்க, பயிர் பட்டியலையும் நீட்டி கேரட், பட்டாணி, கத்தரி, கொய்யா, கின்னோ ஆரஞ்சுன்னு 21 வரைக்கும் கொண்டு போனாங்க. இந்த விலையெல்லாம் நிரந்தரம்னு நெனைக்காதீங்க, பயிர் போடறதுக்கு முன்னாடி அந்த சீசனுக்கு என்ன விலை, எந்த எந்தப் பயிர் பட்டியல்ல இருக்குன்னு தோட்டக்கலைத் துறை ஆபீஸ்லயோ போர்ட்டல்லயோ ஒரு தடவ பாத்துடணும்.

600 ரூபா குவிண்டாலுக்குன்னா கிலோ 6 ரூபா. இத லாபம்னு யாரும் கணக்கு போட வேணாம். விதைக்கிழங்கு மட்டுமே ஏக்கருக்கு 12 குவிண்டாலுக்கு மேல போகும், அது போக உரம், மருந்து, தோண்டுற கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் இருக்கு. போட்ட காசு மொத்தமா முங்காம இருக்க ஒரு ஏற்பாடு, அதுக்கு மேல இத நம்பி நிலத்துல இறங்கினா ஏமாத்தம்தான்.

இப்ப கணக்கு எப்படி வருதுன்னு பாப்போம், இதுலதான் நெறைய பேருக்கு குழப்பம். உதாரணத்துக்கு ஒருத்தர் ஒரு ஏக்கர்ல உருளை போட்டிருக்கார், அங்க ஏக்கர கில்லான்னுதான் சொல்லுவாங்க. 110 குவிண்டால் மண்டில வித்தார். பாதுகாப்பு விலை 600, மண்டி சராசரி 420ன்னா வித்தியாசம் 180, அத 110ஆல பெருக்கினா 19,800 ரூபா அவர் கணக்குக்கு வரணும். அவரே 135 குவிண்டால் எடுத்திருந்தா? ஆரம்பத்துல வச்ச 120 கணக்குப்படி 120க்குத்தான் காசு, மிச்சம் 15 குவிண்டாலுக்கு ஒண்ணும் கிடையாது, வித்த அளவு அல்லது நிர்ணயிச்ச விளைச்சல் இதுல எது கம்மியோ அதுதான் கணக்குல வரும். சராசரின்னு சொன்னேன் பாருங்க, அது மண்டி போர்டு தேர்ந்தெடுத்து வச்சிருக்கிற மண்டிகளோட தினசரி மொத்த விலைய வச்சு எடுக்கிறது. அதனால ஒருத்தர் அவசரப்பட்டு மோசமான நாள்ல மோசமான கிழங்க 300க்கு தள்ளிவிட்டுட்டு வந்து 600க்கு மீதி 300ம் வரும்னு உக்காந்திருந்தா நடக்காது. நல்லா தரம் பிரிச்சு சராசரிக்கு மேல வித்தவனுக்குத்தான் இதுல கொஞ்சம் கூடுதல் நிக்கும்.

பதிவுதான் முக்கியம். மேரி ஃபசல் மேரா பியோரான்னு ஒரு போர்ட்டல் இருக்கு, எந்த நிலத்துல எத்தன ஏக்கர்ல என்ன பயிர்னு அதுல ஏத்தணும், பரிவார் பெஹ்சான் பத்ராங்கிற குடும்ப அடையாள நம்பர் கேக்கும், ஆதார் இணைச்ச பேங்க் கணக்கு வேணும், மொபைலுக்கு ஓடிபி வரும். கட்டணம் எதுவும் இல்ல, ஆன்லைன் தெரியாதவங்க பக்கத்து சேவை மையத்துல போய் பண்ணிக்கலாம். இதுக்குன்னு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தேதி இருக்கு, உருளைக்கும் காலிஃபிளவருக்கும் அது சரியா நடவு நடக்குற நாட்கள்லயே வந்து போயிடும். வீட்ல எல்லாரும் வரப்புல நிக்கிற நேரம் அது, "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா அப்புறம்னு ஒண்ணு கிடையாது, ஜனவரில விலை விழுந்த பிறகு போய் பதிவு பண்ண முடியாது.

பதிவு முடிஞ்சதும் தோட்டக்கலைத் துறை ஆளுங்க வயலுக்கு வந்து பயிர் இருக்கா, எத்தன ஏக்கர்னு சரிபாப்பாங்க. நீங்க ஒண்ணரை ஏக்கர்னு போட்டு அவங்க ஒரு ஏக்கர்னு எழுதிட்டா அப்பீல் பண்ண வழி இருக்கு, அதுக்கும் தேதி உண்டு. அதனால பதிவு பண்ண பேப்பர பிரிண்ட் எடுத்து வச்சுட்டு, சரிபார்ப்பு முடிஞ்சதும் எவ்வளவு பரப்பு ஏறியிருக்குன்னு ஒரு தடவ போர்ட்டல்ல பாத்துடறது நல்லது.

அடுத்த இடறல் மண்டில. வித்ததுக்கு ஜே ஃபார்ம் வாங்கணும். ஆடத்தியா, அதாவது கமிஷன் ஏஜெண்ட், கொடுக்கிற அதிகாரப்பூர்வ ரசீது அது, யார் பேருல எத்தன குவிண்டால் என்ன விலைக்குன்னு எல்லாம் இருக்கும். ஆனா காய்கறி மண்டில காலங்காத்தால நடக்குற வியாபாரத்துல பாதி கச்சா பர்ச்சிலதான் ஓடும், ஒரு துண்டு பேப்பர்ல பேனால மூட்டை எண்ணிக்கையும் தொகையும் கிறுக்கிக் கொடுப்பாங்க, அத வச்சு இந்தத் திட்டத்துல ஒரு ரூபா வராது. இன்னொண்ணு, அரை ஏக்கர் காலிஃபிளவர் வச்சிருக்கிறவர் மண்டிக்கே போக மாட்டார், ஊருக்கு டெம்போ எடுத்துட்டு வர்ற வியாபாரிகிட்ட வரப்புலயே கொடுத்துடுவார், வண்டி வாடகை மிச்சம். அதுவும் கணக்குல வராது. என்னைக் கேட்டா திட்டத்தோட பெரிய ஓட்டையே இதுதான், யாருக்கு இது ரொம்பத் தேவையோ அந்தச் சின்ன விவசாயிதான் ஜே ஃபார்ம் கைக்கு வராத வழியில வித்துட்டிருக்கார். ரெண்டு மூணு பேரு சேர்ந்து ஒரே வண்டில ஏத்திட்டுப் போய் அவங்க அவங்க பேருல தனித்தனியா ஜே ஃபார்ம் வாங்கினா ஓரளவு கட்டுப்படியாகும். விக்கிறதுக்கும் ஒரு கால அளவு வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வித்தா சேராது. வித்த 15 நாளுக்குள்ள பணம் போடணும்னு திட்ட விதி, நடைமுறையில இழுக்கத்தான் செய்யும்னு வச்சுக்கிட்டே செலவுக்கு பிளான் பண்ணுங்க.

சரி, அப்ப என்ன நடுறது? திட்டம் இருக்குன்னு உருளைய கண்ண மூடிட்டு போடுறது என் பார்வையில தப்பு. குருக்ஷேத்ரா, ஷாஹாபாத் பக்கம் பாத்தீங்கன்னா கெட்டிக்காரங்க வேற மாதிரி பண்றாங்க: பூசா பாஸ்மதி 1509 மாதிரி சீக்கிரம் முடியுற நெல்ல போட்டு, செப்டம்பர் கடைசி அக்டோபர் முதல் வாரத்துல குஃப்ரி புக்ராஜ்ங்கிற சீக்கிரம் விளையுற உருளை ரகத்த இறக்கிடறாங்க, 60-70 நாள்ல, தோல் இன்னும் கையால தேய்ச்சா உரியுற பதத்துலயே தோண்டி, பெரிய வரத்துக்கு முன்னாடி மண்டிக்கு அனுப்பிட்டு, அந்த நிலத்துல சூரியகாந்தியோ மக்காச்சோளமோ போட்டுடறாங்க. விளைச்சல் கம்மிதான், ஆனா பெரும்பாலும் விலை நிக்கும், பாவாந்தர் காசு அவ்வளவா தேவைப்படாது. நவம்பர்ல நட்டு பிப்ரவரி மார்ச்ல முத்தின கிழங்கா எடுக்கிறவங்களுக்குத்தான் இந்தத் திட்டம் உண்மையா உதவும், கோல்ட் ஸ்டோரேஜ் வாடகை கட்ட முடியாதவங்களுக்கு இன்னும் அதிகமா.

காலிஃபிளவர்ல ரகம் மாறினா கதையே முடிஞ்சுது. முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம்னு ஒவ்வொண்ணுக்கும் பூ கட்ட ஒரு குளிர் வேணும். பூசா ஸ்னோபால் கே-1 மாதிரி பின்பட்ட ரகத்த ஜூலைல நாத்து விட்டா இலையா வளர்ந்துட்டே இருக்கும், பூ வராது. முன்பட்ட ரகத்த அக்டோபர் கடைசில நட்டா செடி வளர்றதுக்கு முன்னாடியே பட்டன் சைஸ்ல ஒரு பூ வச்சுட்டு நின்னுடும், அத எந்த மண்டிலயும் வாங்க மாட்டான், பாவாந்தரும் அதுக்கு ஒண்ணும் செய்யாது, ஏன்னா அது விலைக்குத்தான் ஈடு, விளைச்சலுக்கு இல்ல. கடைக்காரர் "இந்த விதை எல்லா சீசனுக்கும்"னு சொன்னா பாக்கெட்ட திருப்பி நடவு மாசத்த படிங்க. நாத்து வாங்கணும்னா கர்னால் மாவட்டம் கரௌண்டால இந்தோ-இஸ்ரேல் காய்கறி மையம் இருக்கு, 2011லேர்ந்து குழித்தட்டுல நாத்து வளர்த்துக் காட்டிட்டிருக்காங்க, போய் பாத்துட்டு வரலாம்.

முன்பட்ட காலிஃபிளவருக்கு நெல்லு அறுக்குற வரைக்கும் காத்திருக்க முடியாது, நிலம் ஆகஸ்ட்லயே வேணும். அப்படி நெல்ல விட்டுட்டு காய்கறிக்கு மாறுறவங்களுக்கு மேரா பானி மேரி விராசத்னு 2020ல வந்த திட்டத்துல ஏக்கருக்கு 7,000 ரூபா, அப்புறம் அத 8,000ஆ உயர்த்தினாங்க. அதுக்கும் அதே போர்ட்டல்தான். நெல்லு அறுத்துட்டு அவசரமா உருளை போடுறவங்க வைக்கோல் தாளக் கொளுத்துற பழக்கம் இருக்கு, வேணாம், 2024 நவம்பர்லேர்ந்து ரெண்டு ஏக்கருக்குக் கீழ உள்ளவங்களுக்கே 5,000 ரூபா அபராதம், பாவாந்தர்ல வர்ற காசுல ஒரு பகுதி அங்கயே போயிடும்.

விளைச்சலே போனா என்னன்னு கேப்பீங்க, அதுக்குத் தனியா முக்கியமந்திரி பாக்வானி பீமா யோஜனா இருக்கு. காய்கறிக்கு ஏக்கருக்கு 30,000 ரூபா காப்பு, விவசாயி கட்டறது 2.5 சதவீதம், அதாவது 750 ரூபா. ஆலங்கட்டி, உறைபனி, வெள்ளம், தீ மாதிரி விஷயங்களுக்கு, சேதத்த 25, 50, 75, 100 சதவீதம்னு படிப்படியா பிரிச்சுக் கணக்கு பண்ணுவாங்க. ஜனவரில ஒரே ராத்திரி உறைபனில உருளைச் செடி கருகிப் போற ஊர்ல 750 ரூபா பெரிய காசு இல்ல. ரெண்டுத்துலயும் பதிவு பண்ணிக்கலாம், ஒண்ணு விலைக்கு, ஒண்ணு சேதத்துக்கு.

குத்தகைக்கு எடுத்து உழுறவங்களும் பாவாந்தர்ல சேரலாம்னு விதி தெளிவா சொல்லுது. ஆனா அங்க டேக்காங்கிற குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது, போர்ட்டல்ல நிலம் ஓனர் பேருல இருக்கும். அதனால சீசன் ஆரம்பத்துல டேக்கா பணம் பேசுறப்பவே "பதிவு என் பேருல, பணம் என் கணக்குக்கு"ன்னு பேசி முடிச்சுடணும், காசு ஓனர் கணக்குல விழுந்த பிறகு கேட்டா சண்டைதான் மிஞ்சும்.

ஹரியானாவுக்கு வெளிய இருக்கிற பஞ்சாப், உத்தரப் பிரதேச விவசாயிகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது, ஹரியானால விளைஞ்சதுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு மத்திய அரசோட சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒண்ணு இருக்கு, முந்தின சாதாரண சீசன விட விலை 10 சதவீதமாவது விழுந்து மாநில அரசு கேட்டாத்தான் அது வேலை செய்யும். 2025ல அத மாத்தினப்ப, பொருள வாங்காம விலை வித்தியாசத்த மட்டும் நேரா விவசாயி கணக்குல போடலாம்னு ஒரு வழியும் சேர்த்தாங்க, கிட்டத்தட்ட பாவாந்தர் மாதிரியே. ஆனா அது விலை விழுந்த பிறகு மாநில அரசு எழுந்து கேக்குற திட்டம், விவசாயி தானா போய் முன்கூட்டியே பேர் கொடுத்து வைக்கிற மாதிரி இல்ல.