நடைப்பிழையும் தட்டலும்: கூடைப்பந்தின் இரு சொற்கள்

கூடைப்பந்து நடுவர் ஊதலை ஊதி, மடக்கிய இரண்டு கைமுட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றுமாறு உருட்டிக் காட்டினால், பந்தை வைத்திருந்தவர் 'டிராவலிங்' செய்துவிட்டார் என்று பொருள். நம் ஆட்டக்காரர்கள் இதையே 'ஸ்டெப்ஸ்' என்பார்கள். அகராதியைப் பார்த்துப் 'பயணம்' என்று பெயர்த்தால் பொருள் கெடும். பந்துடன் நகர்வது குற்றமன்று, அளவு மீறி நகர்வதே குற்றம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளுள் மூன்றாவது, பந்துடன் ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்கிறது. வேகமாக ஓடிவந்து பிடிப்பவருக்கு மட்டும் அது சற்றே விட்டுக்கொடுக்கிறது. பந்தை நிலத்தில் தட்டியபடி முன்னேறுவது பற்றி அவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வழக்கம் பின்னரே வளர்ந்தது. அதற்கு அமைந்த 'டிரிபிள்' (dribble) என்ற சொல், துளித்துளியாகச் சொட்டுவதைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து வந்து, கால்பந்தில் சிறு சிறு தொடுகைகளால் பந்தை நகர்த்துவதற்கு ஆகி, பிறகு கூடைப்பந்துக்குள் நுழைந்தது. தமிழில் 'தட்டல்' என்பது அதைவிடப் பொருத்தமானது என்பேன். ஏனெனில் விதியே அச்சொல்லுக்குள் இருக்கிறது. உள்ளங்கை பந்துக்கு அடியில் போய் ஒரு கணம் தாங்கிவிட்டால் அது தட்டலன்று, ஏந்தல், நடுவர் ஊதிவிடுவார். 'டபுள் டிரிபிள்' என்பதை 'இரட்டைத் தட்டல்' என்றால் இருமுறை தட்டுவதே தவறு என்று தோன்றும். தட்டலை முடித்துப் பந்தைப் பிடித்தவர் மீண்டும் தட்டத் தொடங்குவதே இதில் பெரிதும் காணப்படும் தவறு என்பதால், 'மறுதட்டல்' தெளிவானது.

டிராவலிங்கின் உயிர் 'பிவட்' காலில் இருக்கிறது; அதை 'ஊன்றுகால்' எனலாம். நின்றபடி பந்தைப் பிடித்தவர் ஊன்றுகாலை நிலைநிறுத்தி, மற்றக் காலை எத்தனை முறையும் எடுத்து வைக்கலாம். ஆனால் தட்டத் தொடங்கும்போது, ஊன்றுகால் எழுவதற்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும்.

ஓட்டத்தில்தான் ஆட்டத்தை நடத்தும் அமைப்புக்கேற்ப விதி மாறுகிறது. 2017இல் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா கொண்டுவந்த மாற்றத்தின்படி, ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் கொண்டுவரும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதன்பின் இரண்டு அடிகள் வைக்கலாம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வும் பந்தைக் கைக்குள் கொண்டுவந்தபின் இரண்டு அடி தருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளிலோ இச்சலுகை இல்லை; அந்தக் காலே முதல் அடி. பந்தைப் பிடித்தபடி தரையில் விழுந்தாலும் அங்கே குற்றம். ஃபிபா விதியில் விழுவதும் சறுக்குவதும் குற்றமல்ல, உருண்டாலோ எழ முயன்றாலோதான் குற்றம்.

அளவு எதுவாயினும் மீறப்படுவது நடையின் ஒழுங்கே என்பதால், டிராவலிங்குக்கு 'நடைப்பிழை' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன்.