100 வாட் ஆம்ப் யாருக்குத் தேவை?

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் சார் வாங்கணும்?" என்றுதான். ஆம்ப் ரிப்பேர் பார்ப்பதும், வார இறுதிகளில் மேடைக்கு சவுண்ட் பார்ப்பதும் என் தொழில். அதனால் கிட்டார் கிளாஸில் புதிதாகச் சேர்ந்த பையனின் அப்பாவும் கேட்பார், சர்ச்சில் வருஷக்கணக்காக வாசிக்கிறவரும் கேட்பார். கடையில் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "பெருசாவே எடுத்துக்குங்க, நாளைக்கு ஸ்டேஜுக்கும் ஆகும்." அப்படி வாங்கிய ஆம்ப் வீட்டில் வைத்து வாசிக்க முடியாத அளவுக்குக் கத்தும். மேடைக்குத் தூக்கிப் போகவும் ஆள் தேடவேண்டியிருக்கும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும்.

வாட் கூடினால் சத்தமும் அதே கணக்கில் கூடும் என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் 'கொஞ்சம் கூடியிருக்கோ?' என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 10 வாட் ஆம்பைவிட 100 வாட் ஆம்ப் பத்து மடங்கு கத்துவதில்லை, இரண்டு மடங்குதான் கத்தும்.

இதில் ஸ்பீக்கரின் பங்கை யாரும் கேட்பதே இல்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதை ஸ்பீக்கர் கம்பெனியே போட்டிருக்கும். செலஸ்டியன் கிரீன்பேக்குக்கு 98, அதே கம்பெனியின் விண்டேஜ் 30க்கு 100. ஸ்பீக்கரில் 3 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். நல்ல 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட 20 வாட் ஆம்ப், மட்டமான 8 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட 40 வாட் ஆம்பை அடக்கிவிடுவது இதனால்தான்.

மேலே சொன்ன கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஒரே ஒரு வாட்டில் 98 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் எல்லை பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. இது தெருவில் அளக்கிற அளவு, உங்கள் அறைக்குள் அளப்பதில்லை. சுவர் கொஞ்சம் தடுக்கும்தான். ஆனால் அபார்ட்மெண்டில் இரண்டு பிளாட்டுக்கு நடுவே இருக்கும் சுவர் கீழ் ஸ்தாயியை அவ்வளவாகத் தடுக்காது. மாடிவீட்டு மாமா கதவைத் தட்ட அரை வாட்டே போதும். அங்கே 100 வாட் ஆம்பை வைத்துக்கொண்டு வாசிப்பது சந்துக்குள் லாரி ஓட்டுவதுபோல. வால்யூம் குமிழ் 0க்கும் 1க்கும் நடுவிலேயே நிற்கும். அந்த இடத்தில் பல ஆம்ப்களில் குமிழின் சரியான பிடிமானமே இருக்காது. ஒரு மயிரிழை திருப்பினால் ஒன்றும் கேட்காது, இன்னொரு இழை திருப்பினால் வீடே அதிரும்.

ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு போட்ட ட்யூப் ஆம்புக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பவர் ட்யூபும் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் கொஞ்சம் உழைக்கும்போதுதான் அந்த ஆம்புக்குரிய குரல் வரும். அந்த அளவுக்கு ஏற்றினால் வீட்டில் இருக்க முடியாது. ஏற்றாமல் வாசித்தால், அந்த விலை எதற்குக் கொடுத்தோம் என்றே தெரியாது. 5 வாட் ட்யூப் ஆம்ப்கூட முழுசாகத் திறந்தால் படுக்கையறைக்கு அதிகம்தான். 'ட்யூப்தான் ஒரிஜினல்' என்று யூட்யூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது, "உங்க வீடு தனி வீடா, அபார்ட்மெண்டா?"

வீட்டு ஆம்பில் நான் பார்ப்பவை வேறு. ஹெட்ஃபோன் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். செல்ஃபோனிலிருந்து பாட்டை அனுப்பிக் கூடவே வாசிக்க வழி வேண்டும். குறைந்த சத்தத்திலும் டோன் மெலிந்துபோகக் கூடாது. யமஹா டிஹெச்ஆர் மாதிரி மேசை மேல் வைக்கும் ஆம்ப்கள் இதற்கென்றே வந்தவை. ப்ளூடூத் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பாட்டை ப்ளூடூத்தில் ஆம்புக்கு அனுப்பலாம், ஆனால் நீங்கள் வாசிப்பதை சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்க நினைக்காதீர்கள். விரல் தந்தியைத் தொட்டபின் சத்தம் தாமதமாகத்தான் காதுக்கு வரும், தாளம் நிற்காது. ஒயர் ஹெட்ஃபோன்தான் சரி.

வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுபவர்களை வாரா வாரம் மேடையில் பார்க்கிறேன். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடி சத்தமும் உச்ச சத்தமும் குறைவாகவே கேட்கும். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே வீட்டில் மெல்ல வாசிக்கும் பையன் தன்னையறியாமல் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுவான், மிடிலைக் குறைப்பான். கேட்க சினிமா மாதிரி இருக்கும். அதே செட்டிங்கை மேடைக்குக் கொண்டுவந்து சத்தத்தை ஏற்றினால் பேஸ் குமுறும், ட்ரெபிள் காதைக் குத்தும். பேண்டோடு சேர்ந்ததும் கிட்டார் சத்தமே காணாமல் போய்விடும். அடியை பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் எடுத்துக்கொள்கின்றன, உச்சியை சிம்பல் எடுத்துக்கொள்கிறது. கிட்டாருக்கு மிச்சம் இருந்த ஒரே இடம் நடுப்பகுதி. அதைத்தான் அவர் வீட்டிலேயே சைபரில் வைத்துவிட்டாரே! உடனே "ஆம்ப் பத்தல சார், 100 வாட் வேணும்" என்பார். நான் போய் மிடிலை ஆறில் வைத்து, பேஸை நாலுக்கு இறக்கிவிட்டு வருவேன். பல சமயம் அதோடு விஷயம் முடிந்துவிடும்.

சரி, மேடைக்கு என்ன ஆம்ப்? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, கூட்டத்துக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது யார் என்பதுதான். நம் ஊரில் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா மெல்லிசை, காலேஜ் கல்ச்சுரல்ஸ், சர்ச் என எங்கே போனாலும் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ் இருக்கும். ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைப்பார்கள். பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57, 1965இல் வந்த மைக், இன்னும் அதுதான் ஓடுகிறது. கடைசி வரிசைக்குச் சத்தம் போவது பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக. உங்கள் ஆம்ப் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தில் ட்ரம்ஸ் அடிக்கும்போது உங்களுக்கு உங்கள் வாசிப்பு கேட்க வேண்டும். அதற்கு 12 இஞ்ச் ஸ்பீக்கரோடு 40, 50 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்போ, 15, 20 வாட் ட்யூப் ஆம்போ தாராளம். சவுண்ட் சர்வீஸே இல்லாமல், ஆம்ப் மட்டும் வைத்து மைதானத்தில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்படி எத்தனை நிகழ்ச்சி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட். ரோலண்ட் ஜேசி-120 அதன் பெயரிலேயே வாட்டை வைத்திருக்கிறது. இரண்டும் அருமையான ஆம்ப்கள். இரண்டும் முப்பது கிலோவை நெருங்கும். அவற்றை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம், மாடிப்படியில் தூக்குவது சவுண்டுக்காரப் பையன்களின் பாடு.

மேடையில் சத்தம் போதாமல் திண்டாடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது சத்தம் அல்ல, ஆம்ப் வைத்திருக்கும் கோணம்தான். கிட்டார் ஸ்பீக்கர் உச்ச சத்தத்தை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக அடிக்கும், பக்கவாட்டில் பரப்பாது. ஆம்ப் தரையில் இருக்கும், வாசிப்பவர் ஒன்றரை அடி முன்னால் நிற்பார். சத்தமெல்லாம் அவருடைய முழங்காலுக்குப் போகும். தெளிவாகக் கேட்கவில்லை என்று ட்ரெபிளை ஏற்றுவார். அந்த ட்ரெபிள் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் நெற்றியில் அடிக்கும். ஆம்பின் முன்பக்க அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்துப் பின்பக்கம் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். அப்புறம் நீங்களே வால்யூமைக் குறைப்பீர்கள். மேடைச் சத்தம் குறைந்தால் பாடகர் மைக்கில் கிட்டார் கலப்பதும் குறையும், எனக்கும் வேலை சுலபம்.

செமி அகூஸ்டிக் (பிக்கப் பொருத்திய அகூஸ்டிக் கிட்டார்) வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியை மறந்துவிடலாம். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். ராக்கில் கேட்கும் கரகரத்த டிஸ்டார்ஷன் சத்தத்துக்கு அதுதான் அழகு, அகூஸ்டிக்கில் அது மந்தமாகக் கேட்கும். மேடையில் ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக, எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸருக்கு நேரே போய்விடுங்கள். வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு ஆம்ப் தேவையே இல்லை.

வீட்டுக்கும் மேடைக்கும் ஒன்றுதான் வாங்க முடியும், பட்ஜெட் அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள ஆம்ப். பாஸ் கட்டானா 50இல் அரை வாட், 25, 50 என்று மூன்று நிலை இருக்கிறது, 12 இஞ்ச் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் ஓட்டையும் உண்டு. இந்த மாதிரி அமைப்பு வேறு கம்பெனிகளிலும் கிடைக்கும். சுவிட்சைத் தேடுங்கள், பெயரைத் தேட வேண்டாம்.

ஆம்பின் பின்பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. 'ஸ்பீக்கர் அவுட்' என்று எழுதியிருக்கும் ஓட்டையிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் போடக் கூடாது. அது ஸ்பீக்கரை ஓட்டும் மின்சாரம், மிக்ஸரின் உள்ளீடு தாங்காது. மிக்ஸருக்குப் போவது 'லைன் அவுட்'. ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 8 ஓம் என்றால் 8 ஓம் ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், அதற்கென்று தடித்த ஸ்பீக்கர் கேபிள் இருக்கிறது.

இப்போது எர்த். ஸ்காட்லாந்தின் ஸ்டோன் த க்ரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸியில் மேடையில் மைக்கைத் தொட்டபோது ஷாக் அடித்து இறந்தார். எர்த் சரியில்லை. நாலு வருஷம் கழித்து இங்கிலாந்தின் யார்ட்பேர்ட்ஸ் பேண்டின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது அதே காரணத்தால் போனார். ஒருவர் மேடையில், ஒருவர் வீட்டில். கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மைக்கின் உடம்பு மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது நடுவில் இருக்கிற ஒயர் நீங்கள்தான்.

நம் ஊர் மேடைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஹம் (ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல்) வருகிறது என்று ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்காமல் விட்டுவிடுவார்கள். ஆம்ப் மண்டபத்து ப்ளக்கில் இருக்கும், மிக்ஸர் ஜெனரேட்டரில் இருக்கும். "லேசா கிர்ருங்குது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பாடகர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கிற விஷயம் இல்லை. நான் சவுண்ட் செக்குக்கு முன் மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் இன்னொன்றை மைக்கின் கம்பி வலையிலும் வைப்பேன். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். பத்து, இருபது என்று ஏறினாலே யாரையும் தொட விடமாட்டேன். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில், எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மாற்றிய பிறகுதான் வாசிப்பு.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஆம்ப் என் மேசைக்கு வருவது இன்னொரு வகை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் ஒரு நொடி ஹம், அப்புறம் வார்னிஷ் கருகும் வாசனை. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்பின் முன்னால் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். பின்பக்கத் தகட்டில் அது இழுக்கும் வாட் போட்டிருக்கும். 40 வாட் ட்யூப் ஆம்ப் 150 வாட்டுக்கு மேலேயே இழுக்கும். அந்த எண்ணைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், மூன்று பின்னோடு, எர்த் உள்ளே தொடர்ந்து போகும்படி இருக்க வேண்டும். பயணப் பையில் வைக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஆம்புக்கு ஆகாது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். வீட்டுக்கான ஆம்ப் என்றால் வீட்டில் வைக்கப்போகும் சத்தத்திலேயே வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் "ஏத்திப் பாருங்க சார்" என்பார், அவசரம் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் என்றால் எல்லாக் குமிழையும் மெல்லத் திருப்புங்கள். கரகரப்பு மட்டும் இருந்தால் பரவாயில்லை, க்ளீன் செய்தால் சரியாகிவிடும். ப்ளக்கில் எர்த் பின் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் ஃப்யூஸ் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடி ஃப்யூஸ் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் விலையே கேட்காமல் வந்துவிடுங்கள்.