எம்-பெசா: எஸ்எம்எஸ்ஸில் போகும் காசும் அதை ஓட்டும் பெட்டிக்கடையும்

போன் வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா சேவை என்றதும் பலர் ஏதோ பெரிய ஆப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் கம்பெனி இதை ஆரம்பித்தபோது ஆப்பும் கிடையாது, இன்டர்நெட்டும் தேவையில்லை, பட்டன் போனே போதும். சிம் கார்டுக்குள் ஒரு சின்ன மெனு இருக்கும். யாருக்கு, எவ்வளவு, அப்புறம் ரகசிய எண் என்று அது வரிசையாகக் கேட்கும், நீங்கள் தட்டியதை வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றி எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடும். சர்வரில் உங்கள் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் ஏறும், இரண்டு பேருக்கும் மெசேஜ் வரும். தொழில்நுட்பம் அவ்வளவுதான், அந்தக் காலத்துக்கே அது பழைய சரக்கு.

நிஜமான வித்தை, எம்-பெசாவில் பணம் போடவும் எடுக்கவும் ஏஜென்டாக இருக்கும் பெட்டிக்கடைக்காரரிடம் இருக்கிறது. நைரோபியில் ஒருவர் ஏஜென்ட் கடையில் ஆயிரம் ஷில்லிங் நோட்டாகக் கொடுக்கிறார் என்று வையுங்கள். கடைக்காரர் நோட்டைக் கல்லாவில் போட்டுக்கொண்டு, தன் போனில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் இருப்பிலிருந்து ஆயிரத்தை அவருக்கு மாற்றிவிடுகிறார். ஏஜென்ட்கள் இந்த இருப்பை ஃப்ளோட் என்பார்கள். போனில் இருக்கும் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ஈடாக நிஜ ஷில்லிங் பேங்கில் ஓர் அறக்கட்டளைக் கணக்கில் கிடக்கும், அதைச் சஃபாரிகாம் தன் செலவுக்கு எடுக்க முடியாது.

சரி, இதில் சிக்கல் எங்கே? நகரத்தில் எல்லோரும் பணம் போடுகிறார்கள், அதனால் அங்கே கடையில் நோட்டு குவிந்து ஃப்ளோட் தீர்ந்துவிடும். கிராமத்தில் எல்லோரும் எடுக்கிறார்கள், அங்கே ஃப்ளோட் குவிந்து நோட்டு தீர்ந்துவிடும். கிராமத்துக் கடைக்காரர் மட்டாட்டு என்ற ஷேர் வேன் பிடித்துப் பக்கத்து டவுன் பேங்குக்குப் போய் நோட்டு வாங்கி வந்தால்தான் மறுநாள் வியாபாரம். முன்பு ஊருக்குப் பணம் அனுப்ப பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள், இப்போதும் காசு வண்டியில்தான் போகிறது, மொத்தமாகப் போகிறது. தென்னாப்பிரிக்காவில் 2010இல் இதே எம்-பெசாவைக் கொண்டுவந்தார்கள், 2016இல் மூடிவிட்டார்கள். அங்கே பலருக்கு ஏற்கெனவே பேங்க் கணக்கு இருந்தது, ஏஜென்ட் கடைகளும் போதுமான அளவு ஓடவில்லை.

கென்யாவில் முதலில் எம்-பெசாவைச் சோதித்தது சிறுகடன் தவணை கட்டுவதற்காக. ஆட்கள் அதை வைத்துச் சொந்தக்காரர்களுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள், கம்பெனியும் சுதாரித்துக்கொண்டு ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்றே விளம்பரம் செய்தது. சமூகம் மாறிய கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள்: நோய், வேலை இழப்பு என்று அடி விழுந்தபோது எம்-பெசா இல்லாத வீடுகளில் செலவு சுமார் 7 சதவீதம் சுருங்கியது, இருந்த வீடுகளில் அப்படிச் சுருங்கவில்லை. பத்து உறவினர் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பிவிடுகிறார்கள், விஷயம் முடிந்தது. சாவு வீட்டு வசூல், கல்யாண மொய், சர்ச் காணிக்கை எல்லாம் போனுக்கு வந்துவிட்டது. ‘கையில் காசு இல்லை, ஊருக்கு வர முடியவில்லை’ என்று நழுவவும் முடியாது.

பெண்களுக்கு இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும். கணவனுக்குத் தெரியாமல் போனில் கொஞ்சம் சேர்த்து வைக்க முடிந்தது. ஆனால் நைரோபியில் வேலை பார்க்கும் ஆண்கள், பணம்தான் போய்விட்டதே என்று ஊர்ப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று கிராமத்து மனைவிகள் ஆய்வாளர்களிடம் புலம்பியிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது பின்னால் வந்த கடன் வசதிகள். 2012இல் எம்-ஷ்வாரி வந்தது, போன் உபயோகத்தைப் பார்த்தே கடன் கொடுத்தார்கள். 2019இல் ஃபுலிசா வந்தது. கணக்கில் காசு குறைந்தாலும் அனுப்பும் தொகை போய்விடும், பற்றாத பணம் கடனாக ஏறும். அடுத்து கணக்கில் என்ன பணம் வந்தாலும் அந்தக் கடன் தானாகவே முதலில் கழியும். அண்ணன் அம்மாவின் மருந்துக்கு என்று அனுப்பிய பணம், தம்பியின் போனில் ஏறியதும் போன வாரக் கடனுக்குப் போய்விடுகிறது.