பென்டிரைவுக்கு ஒற்றைப்படை நொடி தெரியாது

"கணினியில் உள்ள கோப்புகளைப் பென்டிரைவில் பேக்கப் எடுக்கிறேன். எதையும் திருத்தாமல் மறுபடி ஓட்டினாலும் ஏறக்குறைய பாதிக் கோப்புகள் மாறிவிட்டதாகச் சொல்லி மீண்டும் நகலெடுக்கிறது. வைரஸாக இருக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வைரஸ் இல்லை. அவர் போகிறபோக்கில் சொன்ன அந்தப் 'பாதி'தான் துப்பு.

ஒவ்வொரு கோப்புக்கும் சில நேரமுத்திரைகள் உண்டு: கடைசியாகத் திருத்திய நேரம், கடைசியாகப் படித்த நேரம், பல கோப்பு முறைமைகளில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில்) உருவாக்கிய நேரமும். பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் கோப்பின் அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால் அடுத்ததற்குப் போய்விடும். சிக்கல் என்னவென்றால், நேரத்தை எழுதிவைக்கும் விதம் வட்டுக்கு வட்டு வேறு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற முறைமை, 1601 ஜனவரி 1 முதல் 100 நானோ நொடிப் படிகளாக எண்ணுகிறது (கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சி ஒன்று அன்று தொடங்கியது). லினக்ஸின் எக்ஸ்ட்4 1970இலிருந்து நானோ நொடி வரை எண்ணும். பல பென்டிரைவ்களில் இன்னும் இருக்கும் ஃபேட் முறைமையோ விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்துச் சொத்து.

ஃபேட், நேரத்துக்கு ஒதுக்கியது மொத்தம் 16 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1). மணி 0 முதல் 23 வரை, அதற்கு 5 பிட் வேண்டும். நிமிடம் 0 முதல் 59 வரை, அதற்கு 6. மிச்சம் 5 பிட். ஐந்து பிட்டில் 32 மதிப்புகள்தான் அடங்கும், நொடிகளோ 60. ஒரே ஒரு பிட் பற்றாக்குறை! அதனால் நொடியை இரண்டால் வகுத்து, 0 முதல் 29 வரை எழுதிவிட்டார்கள். விளைவு, ஃபேட் வட்டில் உள்ள எந்தக் கோப்பும் ஒற்றைப்படை நொடியில் திருத்தப்பட்டதாக இருக்க முடியாது. 10:15:07 அங்கே 10:15:06 ஆகும், அல்லது இயங்குதளத்தைப் பொறுத்து 10:15:08 ஆகும். நொடிக் கணக்கில் ஒப்பிடும் மென்பொருளுக்கு, மூலத்தில் ஒற்றைப்படை நொடி கொண்ட கோப்புகள் எல்லாம் மாறியவையாகத் தெரியும். அவை எத்தனை இருக்கும்? சுமார் பாதி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. இயங்குதளம் ஒவ்வொரு முறையும் வட்டைப் போய்ப் பார்ப்பதில்லை. கோப்பின் விவரங்களை நினைவகத்தில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அதிலிருந்தே பதில் சொல்கிறது. நினைவகத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, நானோ நொடி வரை வைக்கலாம். சரி, வைத்தால் என்ன ஆகும்? ஃபேட் வட்டில் ஒரு மூலநிரலை (நிரலாளர் எழுதும் கோப்பை) 10:15:06.5க்குச் சேமிக்கிறீர்கள். மூலநிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர், அதிலிருந்து 10:15:07.8க்கு ஒரு கோப்பை உருவாக்குகிறது. உருவானது புதியது, எல்லாம் ஒழுங்கு. கொஞ்ச நேரம் கழித்து நினைவகம் நெருக்கடியாகி, உருவான கோப்பின் பிரதி மட்டும் வெளியேற்றப்படுகிறது. அடுத்துக் கேட்கும்போது வட்டிலிருந்து வரும் விடை 10:15:06. மூலநிரலோ நினைவகத்தில் இன்னும் 06.5. யாரும் தொடாமலே பிள்ளை தாயைவிட மூத்ததாகிவிட்டது! மூலநிரல் புதியதாக இருந்தால் மட்டும் கம்பைலரை ஓட்டும் 'மேக்' போன்ற கருவி, இதை நம்பி அதை வீணாக மறுபடி கம்பைல் செய்யும். இன்னொரு நாள் அதே வேலையை ஓட்டினால் ஒன்றும் நடக்காது. இப்படி வந்து வந்து மறையும் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இதைத் தீர்த்த வழி எளிமையானது. ஒவ்வொரு கோப்பு முறைமையும் தன்னால் எழுதக்கூடிய மிகச் சிறிய காலப்படியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எக்ஸ்ட்4 என்றால் 1 நானோ நொடி, என்டிஎஃப்எஸ் என்றால் 100, பழைய எக்ஸ்ட்3 என்றால் ஒரு முழு நொடி. முத்திரை நினைவகத்துக்குள் நுழையும் முன்பே அந்தப் படிக்கு நறுக்கப்படும். வட்டுக்குத் தெரியாத துல்லியத்தை நினைவகமும் வைத்திருக்காது. நறுக்குவது எப்போதும் கீழ்நோக்கித்தான். மேலே ஏற்றினால் கோப்பு எதிர்காலத்தில் திருத்தப்பட்டதாக ஆகிவிடும், 'மேக்' உடனே புலம்பும். 2019இல் வந்த கர்னலின் 5.4 பதிப்பிலிருந்து ஆண்டு எல்லைகளுக்கும் இதே கட்டுப்பாடு. ஃபேட்டின் காலம் 1980 முதல் 2107 வரைதான், அதற்கு வெளியே உள்ள தேதி எல்லைக்கு இழுக்கப்படும்.

ஃபேட் இங்கேயும் அடங்கவில்லை. திருத்திய நேரத்துக்கு 2 நொடி, உருவாக்கிய நேரத்துக்கு 10 மில்லி நொடி, படித்த நேரத்துக்கு ஒரு முழு நாள் என்று மூன்றுக்கும் மூன்று படி. ஒரே எண்ணால் சொல்ல முடியாததால் அதற்கென்று தனி நறுக்கு நிரல் எழுத வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட பராமரிப்பு வேலைக்கு விருதும் இல்லை, நிதியும் எளிதில் கிடைப்பதில்லை. புதிய செயலிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளி இதற்கு வரலாம் என்பது என் எண்ணம்.

'கடைசியாகத் திறந்த நேரம்' என்பதைக் கல்வெட்டுபோல் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது ராசிபலனைவிடக் கொஞ்சம்தான் மேல். ஒவ்வொரு வாசிப்புக்கும் வட்டில் எழுதுவது வீண் என்பதால், 2009 முதல் லினக்ஸ் அந்த முத்திரையைத் தினமும் ஒருமுறைக்கு மேல் பெரும்பாலும் புதுப்பிப்பதில்லை. திருத்திய நேரத்தையோ, 'டச்' என்ற ஒற்றைக் கட்டளையால் வேண்டிய தேதிக்கு மாற்றிவிடலாம்.

வாசகருக்கு வருவோம். பேக்கப் மென்பொருளின் அமைப்புகளில், நேர வேறுபாட்டில் 2 நொடி வரை பொறுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சிங்க், ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவிகள் இரண்டிலும் உண்டு. எல்லாக் கோப்பிலும் சரியாக ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்தால் காரணம் வேறு: ஃபேட் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது நடக்கும். பென்டிரைவை, ஃபேட்டுக்குப் பின் வந்த எக்ஸ்ஃபேட் முறைமைக்கு ஃபார்மட் செய்தால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும். அதில் திருத்திய நேரமும் 10 மில்லி நொடிப் படியில் பதிவாகும், நேர மண்டலத்தைக் குறிக்கவும் தனி இடம் உண்டு. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் வேறொரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள்.