பிள்ளைகளிடம் வெள்ளத்தைக் கீறச் சொல்லாதீர்கள்

டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் வந்து போனது. வெள்ளம் வடிந்தது, பாடசாலைகள் திறந்தன, உலருணவுப் பொதிகளும் நின்றன. ஆனால் அந்த நாட்களில் நலன்புரி நிலையங்களில் நடந்த ஒரு வேலையின் விளைவு, பிள்ளைகளுக்குக் கலைவழியாக உளச் சிகிச்சை செய்யும் எங்களிடம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியாக வந்தது எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) அம்மம்மாதான் கூட்டி வந்தார். "மிஸ், இவள் கலர்ப் பெட்டியைக் கண்டாலே எழும்பிப் போறாள். முந்திச் சுவரெல்லாம் கீறித் திரிஞ்சவள்" என்றார்.

அவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்குத் தொண்டர் குழு மாறிக் குழு வந்திருக்கிறது. எல்லாரும் ஏ4 தாளும் பஸ்டலும் கொடுத்து, "வெள்ளம் வரேக்க என்ன நடந்தது எண்டு கீறுங்கோ" என்றிருக்கிறார்கள். முதல் தடவை அவள் தண்ணீரோடு போன கன்றுக்குட்டியைக் கீறினாள். "கன்றுக்குட்டி செத்துப்போச்சோ? அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்? அழுதனீங்களோ?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் போனில் வீடியோ எடுத்தார். போகும்போது படத்தையும் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த குழுவுக்கும் அவள் கன்றுக்குட்டியையே கீறினாள். அதற்கடுத்த குழுவுக்கு வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "மனம் திறக்காத பிள்ளை" என்று குறித்துக்கொண்டு போனார்களாம்.

என்னிடம் அவள் சொன்ன முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: "என்ட படத்தை அவை திருப்பித் தரேல்லை."

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். சொந்தக் காசில் பஸ் ஏறி, முழங்கால் சேற்றில் நடந்து வந்தவர்கள். அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு நம்பிக்கைதான் என் கோபத்துக்குக் காரணம். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைப்பதுபோல மனதையும் இறைத்துவிடலாம், பிள்ளை நடந்ததைக் கீறி, சொல்லி, அழுது தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்கிற நம்பிக்கை. இது பிழை என்று எத்தனை பயிற்சிப் பட்டறையில் சொன்னாலும் அடுத்த அனர்த்தத்தில் அதே பஸ்டல் பெட்டி, அதே கேள்வி.

ஆகவே விரிவாகவே சொல்கிறேன். அனர்த்தம் முடிந்த கையோடு ஆட்களை இருத்தி, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்க வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவலாக இருந்தது. பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் வரக்கூடிய மனவடுப் பாதிப்பை அது தடுக்கவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அந்த நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு தெளிவாகச் சொல்கிறது: நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்காதீர்கள். பாருங்கள், கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள். இங்கே "கேளுங்கள்" என்பது அவர்கள் பேசும்போது காது கொடுப்பது. நாம் கேள்வி கேட்டுக் குடைவது அல்ல.

"அப்படியென்றால் சிகிச்சையில் நீங்கள் பிள்ளையை நடந்ததைப் பற்றிப் பேச வைப்பதில்லையா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. பேச வைப்போம், தேவைப்பட்ட பிள்ளையை மட்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். வாரக்கணக்கில் அதே ஆள் வரவேண்டும். பிள்ளைக்குத் தூங்க ஒரு பாதுகாப்பான இடம் இருக்க வேண்டும். தாயோ தகப்பனோ பேத்தியாரோ கூட இருக்க வேண்டும். பயம் கூடினால் எப்படி மூச்சை ஆற்றுவது, எப்படி நிறுத்தச் சொல்வது என்று பிள்ளை முதலில் பழகியிருக்க வேண்டும். தறப்பாளுக்குக் கீழே, பின்னேரம் நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருவர் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

படம் வாசிப்பது இன்னொரு தொல்லை. கறுப்பு நிறம் என்றால் மனச்சோர்வு, சூரியன் இல்லையென்றால் நம்பிக்கையீனம், கை இல்லாத உருவம் என்றால் கையறுநிலை என்று ஒரு போட்டோ கொப்பி வன்னி முழுக்கச் சுற்றுகிறது. ஒரு படத்தில் இருக்கிற ஒற்றை அடையாளத்தை வைத்துப் பிள்ளையின் மனநிலையைத் தீர்மானிக்க முடியாது. அப்படிக் கண்டுபிடிக்கலாம் என்ற கூற்று ஆய்வுகளில் நின்றுபிடிக்கவில்லை. குடும்பத்தில் எல்லாரையும் கை இல்லாமல் கீறிய ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே "உடனடித் தலையீடு தேவை" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவளிடம் கேட்டேன். "எனக்குக் கை கீறத் தெரியா மிஸ், விரல் வடிவா வராது" என்றாள். அன்று பின்னேரம் முழுவதும் விரல் கீறிப் பழகினோம்.

கலை பிள்ளைக்கு உதவும். அதை நம்பித்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் உதவுவது தாளில் வந்து விழும் வெள்ளம் அல்ல. எல்லாமே கையை விட்டுப்போன ஒரு பிள்ளைக்கு, எந்த நிறம் வேண்டும், கீறுவதா களிமண் பிசைவதா, சேருவதா ஓரமாகக் குந்தியிருந்து பார்ப்பதா என்பதைத் தானே முடிவெடுக்கக் கிடைக்கிறதே, அது உதவுகிறது. அதே மரத்தடி, அதே நேரம், தொடங்கும்போது அதே பாட்டு, போன கிழமை வந்த அதே அக்கா: இவை உதவுகின்றன. மத்தளத்துக்கு ஏற்றபடி வட்டமாய்க் கூத்தாட்டம் மிதிக்கும்போது, முகாமில் சுருண்டு கிடந்த உடம்பு நிமிர்கிறது. கிளித்தட்டு மறிக்கும்போது மூச்சிரைக்கக் கத்துகிறார்கள். மூச்சிரைப்பும் கத்தலும் பயத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று உடம்பு திரும்பப் பழகிக்கொள்கிறது.

போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றி இந்தத் துறையில் எல்லாரும் பேசுவார்கள். அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து உருவாக்கியது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண்ணோடும் கதையோடும் மிருகங்களோடும் மாதக்கணக்கில் பழகினார்கள். அங்கிருந்து எங்கள் ஆட்கள் பெரும்பாலும் எடுத்துவருவது களிமண்ணைத்தான். மாதக்கணக்கை விட்டுவிட்டு வருகிறார்கள். நன்கொடையாளர்களிடம் "ஒரு நாள் கலைப் பட்டறை, 200 பயனாளிகள்" என்று அறிக்கை எழுதுவது சுலபம். இருபது பிள்ளைகளோடு ஒரு முழுத் தவணை இருப்பதற்கு யாரும் காசு தருவதில்லை. தரவேண்டும்.

பிள்ளைகள் தாமாகவே அனர்த்தத்தை விளையாடுவார்கள். அதைத் தடுக்க வேண்டாம். கிளிநொச்சியில் ஒரு முற்றத்தில் பார்த்தேன். மண்ணால் அணை கட்டி, நடுவில் ஓலைத் துண்டை வைத்து, "வான்கதவு திறக்கப் போறம், எல்லாரும் ஓடுங்கோ" என்று கத்திவிட்டு ஓலையை இழுக்கிறான் ஒருவன். தண்ணீர் பாய, மற்றவர்கள் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறார்கள். ஒரு தாய் "சனியன்களே, அபசகுனமா விளையாடாதேங்கோ" என்று தடியோடு வந்தார். விடுங்கள் அம்மா. கதவைத் திறப்பதும் மூடுவதும் இப்போது அவன் கையில் இருக்கிறது. பொம்மையும் தப்புகிறது. கவனிக்க வேண்டியது வேறு மாதிரி விளையாட்டு: நாள்தோறும் மாற்றமே இல்லாமல் அதே விளையாட்டு, ஒருவரும் தப்பாத முடிவு, விளையாடி முடிந்ததும் பிள்ளை முன்னையைவிடக் கலங்கிப்போய் நிற்பது. அப்படிக் கண்டால் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

பெரியவர்கள் அன்பில் சொல்லும் ஒரு பொய்யும் இருக்கிறது: "இனி வராது, எல்லாம் முடிஞ்சுது." நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கியது. மே 12 அன்று திரும்ப 7.3. முடிந்தது என்று சொல்லிக் கூரைக்குள் கூட்டிப்போன பிள்ளையிடம் அதன் பிறகு எந்த முகத்தோடு பேசுவது? எங்கள் கதையும் அதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நடந்த நிலநடுக்கத்தை முல்லைத்தீவில் யாரும் பெரிதாக உணரவில்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் கடல் வந்தது. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு, சுமாத்திராப் பக்கம் மறுபடியும் 8.6 அளவில் நடுக்கம். எச்சரிக்கை வந்து, இலங்கைக் கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அலை வரவில்லை. ஆனால் "இனி வராது" என்ற பேச்சுக்கு அன்றோடு பெறுமதி போய்விட்டது. வெள்ளமும் அப்படியே. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைக் கண்ட பிள்ளைக்கு ஒவ்வொரு மார்கழி மழையும் ஒரு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் படம் நன்றாக வேலை செய்யும். ஊர் வரைபடம் கீறுங்கள். பெரிய கடதாசி, எல்லாரும் சுற்றி இருந்து. எங்கள் வீடு, குளம், பள்ளம், மேடு, பாடசாலை, கோயில். "தண்ணி ஏறினா நாங்கள் எந்த வழியால போவம்? அம்மப்பாவை ஆர் பிடிக்கிறது? நாயை ஆர் அவிட்டு விடுறது?" நாயைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். வன்னியில் வெள்ளத்துக்குப் பிறகு பிள்ளைகள் என்னிடம் அதிகம் சொல்லி அழுதது கட்டியபடி விட்டுவந்த நாய்களையும் ஆடுகளையும் பற்றித்தான்.

இன்றைய தாய் தகப்பனையும் மறந்துவிடக் கூடாது. 2004இல் கடலைக் கண்ட சிறுவர்கள் அவர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து, வவுனியாவில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மழைக்குத் தறப்பாளின் கீழ் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அவர்களுக்கு எந்த வருடம் நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தனியாட்களின் நோயாகப் பார்க்காமல் கூட்டு மனவடுவாகப் பார்க்கச் சொன்னார். பிள்ளைக்கு மட்டும் பஸ்டல் கொடுத்துவிட்டுத் தாயை வரிசையில் விட்டுவிட்டு வருவது பாதி வேலைகூட இல்லை.

பெரியவர்களுக்குப் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கூடுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து இருக்கிறது. கண்ணகி அழும் இடத்தில் சபையே அழும். தன் கதையை யாரும் சொல்லத் தேவையில்லை, யாரும் யாரையும் கேட்கவும் மாட்டார்கள். ஒப்பாரி தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருக்கு மத்தளம் வாங்கக் காசு கொடுங்கள், பழகுவதற்கு மண்டபம் கொடுங்கள், விலகி நில்லுங்கள். அனர்த்தம் நடந்து இரண்டு கிழமைக்குள் இறப்பைப் பற்றி வீதி நாடகம் போட்டு விழிப்புணர்வு ஊட்ட வராதீர்கள்.

இனி, வருகிறவர்களுக்கு. என்ன கீறுவது என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். போட்டி வைக்காதீர்கள், இழப்புக்கு முதலாம் இடம், இரண்டாம் இடம் இல்லை. பிள்ளையின் முகத்தை முகநூலில் போடாதீர்கள். படம் பிள்ளையுடையது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும், கேட்டாலும் கொண்டுபோகக் கூடாது. "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான். ஒரு நாளைக்கு மேல் வர முடியாதென்றால் மனதைத் தொடும் வேலையை விட்டுவிட்டுப் பந்து கொண்டு வாருங்கள், கதை வாசியுங்கள், மலசலகூடத்துக்கு ஒரு மின்குமிழ் போட்டுக் கொடுங்கள். இரவில் பயமில்லாமல் போய்வர முடிவதும் உளசமூக ஆதரவுதான்.

பெற்றோருக்கு, கெஞ்சிக் கேட்கிறேன்: படுக்கையில் சிறுநீர் போனால் அடிக்காதீர்கள். ஒட்டிக்கொண்டே திரிந்தால், வயிற்றுக்குத்து என்றால், மழைக்கு அழுதால் அது நடிப்பு அல்ல. வீடும் பாடசாலையும் வழமைக்குத் திரும்ப, பெரும்பாலான பிள்ளைகள் சில கிழமைகளில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, விளையாட்டில்லை, அல்லது தன்னைக் காயப்படுத்துகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், பிரதேச செயலகத்தில் உளவளத்துணையாளரைக் கேளுங்கள். போக வழியில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் இருந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

அதிபர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாரிக்கு உங்கள் பாடசாலை நலன்புரி நிலையமாகும்போது, ஒரு வகுப்பறையை நிவாரணப் பொருட்களால் நிரப்பாமல் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுங்கள். பாய், பந்து, களிமண், பழைய சாறித் துணிகள் போதும். முகாமில் தங்கியிருக்கும் முன்பள்ளி ஆசிரியை ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். இதற்கு நிதி தேவையில்லை, ஐப்பசி பிறக்க முன் ஒரு கூட்டம் போதும்.